பாதியில் நின்ற வசவு

ஜூன் 11, புதன்கிழமை. காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் இரண்டு குடமும் ஒரு வாளியும் பிடித்து வைத்தேன். காபி போட்டேன். கணவருடைய மாத்திரையை எடுத்து டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். மதியத்துக்குப் புளிசாதம், வாழைக்காய் வறுவல். எட்டு மணிக்கு ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் ஸ்டாப்பில் பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பாலத்தைக் கடக்கும்போது ஆற்றில் மணலும் நாணலும்தான் தெரிந்தன. நாளைக்கு மேட்டூரில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று முன்சீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அடுத்த பஸ். காந்தி மார்க்கெட் முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்று வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் இறங்கிப்போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். திருவெறும்பூர் தாண்டி என் ஸ்டாப்பில் இறங்கி, கடையில் ஒரு பேனா வாங்கிக்கொண்டு, அலுவலகத்துக்கு நடந்தேன்.

அதுவரை அது மற்ற நாட்களைப் போன்ற நாள்தான். ஆனால் அன்று மதியம் எங்கள் செயல் அலுவலர் ஒரு முடிவைச் சொல்வதாக இருந்தார். எங்கள் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கும் ஒரு பெண், பார்வையற்றவர், குடிநீர்ப் புகார்ப் பிரிவைப் பார்த்து வந்தார். அந்த வேலை இனியும் அவரிடம் இருக்குமா, எடுத்துவிடுவார்களா என்ற முடிவு அது.

நான் திருச்சியை ஒட்டிய ஒரு பேரூராட்சியில் தலைமை எழுத்தர். ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே இருப்பவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கெட்டவர்கள் இருந்திருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

அலுவலகத்தில் நுழைந்ததும் இடப்பக்கச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் அறிவிப்பு மாட்டியிருக்கிறது. தலைப்பு, சம வாய்ப்புக் கொள்கை. சாதி, மதம், பால், மாற்றுத்திறன் இவற்றைக் காரணமாக வைத்து எந்தப் பணியாளரையும் இந்த அலுவலகம் வேறுபடுத்தாது, எல்லோருக்கும் சமமான வாய்ப்பு தரும், மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்கு ஏற்ற இடவசதி செய்துகொடுக்கும் என்று அதில் இருக்கிறது. மேலிடத்திலிருந்து வந்த மாதிரி வாசகத்தில் எங்கள் பேரூராட்சியின் பெயரை நிரப்பித் தட்டச்சுக்குக் கொடுத்தது நான்தான். ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரே நாளில் சட்டம் போட்டு மாட்டினோம். வந்தவர் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அந்த வாசகத்துக்கு உரிய ஆள் அப்போது எங்களிடம் கிடையாது.

அவர் அதற்கு அடுத்த டிசம்பரில் வந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்த காலை. தென்னூரில் அம்மாவோடு வாடகை வீட்டில் இருப்பவர், இரண்டு பஸ் மாறி, வெள்ளைக் கம்பைத் தட்டிக்கொண்டு தனியாக வந்து, என் மேசை எதிரில் நின்று நியமன ஆணையை நீட்டினார்.

"ஜாயின் பண்ண வந்திருக்கேன் மேடம். ஜாயினிங் ரிப்போர்ட்ட நானே டைப் பண்ணிட்டு வந்துட்டேன். தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்தித் தரேன்."

தப்பு எதுவும் இல்லை. தேர்வு எழுதி, எங்கள் எல்லோரையும்விட நல்ல மதிப்பெண்ணில் தேறி வந்தவர். வயது இருபத்தெட்டு. அன்றைக்கு அலுவலகமே எழுந்து நின்றது. அலுவலக உதவியாளர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். வரித்தண்டலர், வீடு வீடாகப் போய்ச் சத்தம் போட்டு வரி வசூலிக்கிற மனிதர், கண் கலங்கிவிட்டார். அன்று மாலைக்குள் அவருக்கு அலுவலகத்தில் ஒரு பெயர் கிடைத்துவிட்டது. பாப்பா.

"பாப்பாவுக்கு டீ வந்துச்சா?"

"பாப்பாவ வெயில் தாழ அனுப்பிடுங்க."

அரசுப் பணியாளரை இப்படிக் கூப்பிடுவது சரியா என்று நான் ஒருமுறை கேட்டேன். "நம்ம வீட்டுப் புள்ள மாதிரி மேடம்" என்றார் வரித்தண்டலர். உண்மைதான், அப்படித்தான் நினைத்தார். நானும் "வாம்மா, போம்மா" என்றுதான் பேசினேன். எழுத்திலாவது அவர் என்று எழுதிக்கொள்கிறேன்.

முதல் ஒரு வருடம் அவருக்கு வேலையே தரவில்லை. செயல் அலுவலர் இளைஞர், போட்டித் தேர்வு எழுதி வந்தவர், மரியாதையானவர். "ஏம்மா சிரமப்படறீங்க? கையெழுத்துப் போட்டுட்டு ரெஸ்ட் எடுங்க. உங்க சம்பளத்துக்கு எந்தக் குறையும் வராது" என்றார். அவரும் சிரித்துக்கொண்டே, "ரெஸ்ட் எடுக்கறதுக்கு வீட்லயே இருந்திருப்பேனே சார், எங்கம்மா நல்லா மெத்தை போட்டு வெச்சிருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வேலை வரவில்லை. ஆயுத பூஜைக்குப் பொரியும் பழமும் வாங்க ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்தபோது அவர் மேசையை மட்டும் தாண்டிப் போனார்கள். மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது, "எனக்கும் ஒண்ணாந்தேதி சம்பளம் வருது மேடம். பொரி நானும்தானே திங்கறேன்?" என்று கேட்டார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

நான் அவருக்குச் சில கோப்புகளைக் கொடுத்துப் பார்த்தேன். அங்கேதான் வேறொரு தடை இருந்தது. அவருடைய மடிக்கணினியில் எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறது. காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு, நான் படிப்பதைவிட வேகமாகக் கேட்டுவிடுவார். ஆனால் எங்கள் அலுவலகத்துக் கோப்புகளெல்லாம் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. திரையில் பார்த்தால் தமிழ். இயந்திரத்துக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். அவர் இயர்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். இ, எச், டி, அரைப்புள்ளி என்று ஒரு குரல் இடைவிடாமல் ஓதிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"வீட்டு வரி தீர்மானம் மேடம். உங்க ஆபீஸ் தமிழ என் கம்ப்யூட்டர் ஏதோ மந்திரம்னு நெனச்சுக்குது."

புதிய எழுத்துருவில் அடித்தால் அவரால் கேட்க முடியும். அப்படித்தான் அடிக்க வேண்டும் என்று அரசும் எப்போதோ சொல்லிவிட்டது. எங்கள் தட்டச்சரிடம் கேட்டேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பழைய விசைப்பலகையில் அடித்துப் பழகியவர். அவர் விரல்கள் ஓடும் வேகத்தை நின்று பார்க்கலாம்.

"மேடம், இன்னும் நாலு வருஷத்துல ரிட்டயர்டு. இப்பப் போயி என் விரலுக்கு அ, ஆ சொல்லித்தரச் சொல்றீங்களா? பாப்பாவுக்கு என்ன வேணும்னாலும் நானே படிச்சுச் சொல்லிடறேன். எத்தன தடவ வேணாலும் கேக்கட்டும்."

படித்துச் சொல்வார்தான். வேலையை நிறுத்திவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு, பொறுமையாக முழுவதையும் படித்துச் சொல்வார். அடிப்பது மட்டும் பழையபடியே அடிப்பார்.

அதனால் பழைய கோப்பு தேவைப்படாத வேலை ஒன்றை நான் தேடினேன். குடிநீர்ப் புகார்கள் தொலைபேசியில் வருபவை. யார் எடுத்தாலும் எடுப்பார்கள், யாரும் எடுக்காமலும் அடித்து ஓயும். அதை ஒரு பிரிவாக்கி அவரிடம் கொடுக்கலாம் என்று செயல் அலுவலரிடம் எழுதிக் கேட்டு, நேரிலும் கேட்டு, மூன்றாவது முறை சம்மதம் வாங்கினேன். போன் அவர் மேசைக்கு மாறியது. புகாரைக் கேட்டுத் தன் கணினியில் ஏற்றுவார். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டருக்கோ குழாய் ரிப்பேர்க்காரருக்கோ போன் செய்து சொல்வார். வேலை முடிந்ததும் புகார் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்பார்.

அவர் அதிசயம் எதுவும் செய்யவில்லை. மற்றவர்கள் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். சில நாள் நன்றாக, சில நாள் சுமாராக. சந்தை நாளில் கோபமாகப் பேசுகிறவர்களிடம் அவரும் கோபமாகப் பேசிவிடுவார். தொட்டி ஆபரேட்டர் முதலில் அவரிடம் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலப் பேசினார். ஒரு மாதத்தில் அது போய், "இருங்கம்மா, நான் என்ன பறந்தா வர முடியும்? ஒரு வால்வு மேட்டுத்தெருவுல இருக்கு, இன்னொண்ணு ஊர்க்கோடியில இருக்கு" என்று கத்த ஆரம்பித்தார். அன்று போனைப் பிடித்திருந்த அவர் முகத்தை நான் பார்த்தேன். கத்தல் வாங்கிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக உட்கார்ந்திருந்த ஊழியரை என் சர்வீஸில் வேறு எங்கும் பார்த்ததில்லை.

போன வாரம் ஒரு தப்பு நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரில் குழாய் உடைந்து தண்ணீர் ரோட்டில் ஓடியது. அவர் ஆபரேட்டரிடம் சொல்லி அந்தப் பகுதிக்கான வால்வை மூடச் சொன்னார். மறுநாள் ரிப்பேர்க்காரர் குழாயை ஒட்டவைத்துவிட்டு, முடிந்தது என்று போன் செய்தார். இவர் புகாரை முடித்து வைத்தார். வால்வைத் திறக்கச் சொல்லி ஆபரேட்டரிடம் சொல்ல மறந்துவிட்டார். யாரோ சொல்லியிருப்பார்கள் என்று ஆபரேட்டரும் இருந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் இல்லை. அந்தத் தெருவில்தான் எங்கள் வார்டு உறுப்பினர் ஒருவருடைய வீடு.

இதே தப்பைத் தட்டச்சர் போன கோடையில் செய்திருக்கிறார். போனை எடுத்தவர் அவர், திறக்கச் சொல்ல மறந்தவர் அவர். செயல் அலுவலர் அவரை எல்லோர் முன்னாலும் திட்டினார். விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். தட்டச்சர் பதில் எழுதிக் கொடுத்தார், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், மூன்றாம் நாள் எல்லோருக்கும் வடை வாங்கினார். எங்கள் அலுவலகத்தில் ஒரு தப்பு போகிற வழி அது. நானும் அந்த வழியில் இரண்டு முறை போயிருக்கிறேன்.

இந்த முறை, இரண்டு நாள் கழித்து, அந்த வார்டு உறுப்பினர் காலையிலேயே வந்துவிட்டார். வாசலிலேயே குரல்.

"ரெண்டு நாளா குளிக்கலங்க! பக்கத்துல வாங்க, மோந்து பாருங்க! எம் பொண்டாட்டி எம் பக்கத்துல ஒக்கார மாட்டேங்குறா. வார்டு மெம்பர் வீட்டுக்கே இந்தக் கதின்னா ஊருக்கு என்ன கதி? தலைமை எழுத்தரம்மா, இங்க ஆபீஸ் நடத்துறீங்களா, சத்திரம் நடத்துறீங்களா? எவன் அது போன எடுக்கறது? அவன வரச் சொல்லுங்க. சோத்துல உப்புப் போட்டுத் திங்கறவனா இருந்தா..."

"நான்தான் சார் எடுத்தேன்." அவர் எழுந்து நின்றிருந்தார். "வால்வத் திறக்கச் சொல்ல மறந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

உறுப்பினர் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது. மேசை மேல் இருந்த கம்பைப் பார்த்தார். பிறகு தன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அட... நீயாம்மா. பரவால்லம்மா, ஒக்காரு. எனக்குத் தெரியாது பாரு. தண்ணி என்ன தண்ணி, ரெண்டு நாள் குளிக்காட்டி செத்தா போயிடுவோம்? நீ மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

அவர் உட்காரவில்லை. உறுப்பினர் நேராகச் செயல் அலுவலர் அறைக்குள் போனார். போகிற வழியில் அலுவலக உதவியாளரிடம் பணம் கொடுத்து, பாப்பாவுக்கு ரோஸ்மில்க் வாங்கிவரச் சொன்னார். அறையின் கதவு திறந்தேதான் இருந்தது.

"ஏன் சார் அந்தப் புள்ளைய இந்த வேலைக்குப் போட்டு வதைக்கறீங்க? கண்ணு தெரியாத புள்ள. நாளைக்கு இன்னொருத்தன் குடிச்சிட்டு வந்து நின்னு கண்டபடி பேசினா அது தாங்குமா? பாவம் சார்."

"எனக்கும் அதேதான் தோணுச்சுங்க" என்றார் செயல் அலுவலர்.

ரோஸ்மில்க் வந்தது. அவர் அதைத் தொடவில்லை. என் மேசைப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், சோத்துல உப்புப் போட்டுத் திங்கறவனா இருந்தான்னு சொல்லிட்டு பாதியில நிறுத்திட்டாரு. மீதிய நீங்களாவது சொல்லுங்களேன்."

"போம்மா, உனக்கு எல்லாம் வெளையாட்டு."

"வெளையாட்டு இல்ல மேடம். இப்ப யாராவது என்னத் திட்டியே ஆகணும். இல்லன்னா வேலைய எடுத்துடுவாங்க." இன்னும் அருகில் வந்தார். "எனக்கு மெமோ குடுக்கச் சொல்லுங்க. தட்டச்சர் சாருக்குக் குடுத்தாங்கல்ல? அதே மாதிரி. நான் விளக்கம் எழுதித் தரேன். தண்டனைன்னு ஒண்ணு போட்டாலும் வாங்கிக்கறேன்."

இருபத்தேழு வருட சர்வீஸில் மெமோ வேண்டாம் என்று என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. வேண்டும் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். நான் செயல் அலுவலரிடம் போனேன். தப்பு நடந்திருக்கிறது, நடைமுறைப்படி விளக்கம் கேட்கலாம், வேலை அவரிடமே இருக்கட்டும் என்றேன். அவர் நிஜமாகவே அதிர்ந்து போனார்.

"மேடம், நீங்களா இப்படிப் பேசறீங்க? அந்தப் பொண்ணுக்கு மெமோ குடுக்கச் சொல்லி எப்படி மேடம் மனசு வருது?"

"தட்டச்சருக்குக் குடுத்தீங்களே சார்."

"அவரும் இவங்களும் ஒண்ணா?"

அதற்கு நான் வாசல் பக்கச் சுவரில் மாட்டியிருப்பதைக் காட்டிப் பேசினேன். ஒண்ணு என்றுதான் சார் அதில் போட்டிருக்கிறோம் என்றேன். அவர் கோபப்படவில்லை. யோசித்துப் புதன்கிழமை மதியம் சொல்கிறேன், பேரூராட்சித் தலைவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்றார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, சொல்லிவிட்டேன். அந்த நாட்களில் அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து போனை எடுத்தார். முடிந்த ஒவ்வொரு புகாருக்கும் ஆபரேட்டரை இரண்டு முறை கூப்பிட்டார். "தொறந்தாச்சும்மா, தொறந்தாச்சு, தொறந்து அதுமேலயே ஒக்காந்திருக்கேன்" என்று ஆபரேட்டர் போனில் கத்துவது என் மேசை வரை கேட்டது.

புதன்கிழமை மதியம் செயல் அலுவலர் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் அந்தச் சம வாய்ப்புக் கொள்கையின் நகல் ஒன்று இருந்தது. ஒரு வரியைப் பச்சை மையால் அடிக்கோடிட்டிருந்தார்.

"நீங்க சொன்னப்புறம் முழுசா எடுத்துப் படிச்சேன் மேடம். நல்லவேளை சொன்னீங்க. மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்கு ஏற்ற இடவசதின்னு தெளிவா இருக்கு. நம்ம ஆபீஸ்ல என்ன வசதி இருக்கு? வாசல்ல நாலு படி, பாத்ரூம் பின்னாடி. சமுதாயக்கூடத்துப் பக்கத்துல நம்ம வாசிப்பறை இருக்கு பாருங்க. படி இல்ல, சாய்தளம் கட்டியிருக்கோம், பாத்ரூம் உள்ளயே இருக்கு, புது ஃபேன். மாற்றுப்பணில அங்க பொறுப்பாளராப் போட்டுடலாம். நாம போட்ட கொள்கைப்படியே செய்யறோம்."

"அங்க யாரும் வர்றதில்ல சார். அது பூட்டியே கெடக்கு."

"அதான் மேடம், தொந்தரவு இல்லாம இருக்கும்."

"அவங்க ரெண்டு பஸ் ஏறி, தனியா வந்துட்டுப் போறாங்க. நாலு படி அவங்களுக்கு ஒரு விஷயமே இல்ல. கேட்டது வேலை சார்."

"தகுதிகாண் பருவத்த நான் நல்லபடியா முடிச்சுக் குடுத்துடறேன். அதுல ஒரு குறையும் எழுத மாட்டேன். வேற என்ன வேணும் மேடம்?" அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். நான் இன்னும் ஏதேதோ சொன்னேன். தலைவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றார். வார்டு உறுப்பினரும் மிகவும் சந்தோஷப்பட்டாராம். ஆணையைத் தயார் செய்யச் சொன்னார். அதைத் தயார் செய்வது என் வேலை. செய்தேன். அந்த அறிவிப்பு மாட்டிய நாளிலிருந்து ஓர் ஆணையில் அதை மேற்கோள் காட்டி எழுதியது அதுதான் முதல் முறை.

வரைவை எடுத்துக்கொண்டு தட்டச்சரிடம் போனேன். படித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாப்பாவுக்குப் போற ஆர்டரா மேடம்? இருங்க. அதோட கம்ப்யூட்டர் படிக்கிற எழுத்துலயே அடிச்சுத் தரேன். அதுவாச்சும் செய்யணும்ல."

அவர் யாரிடம் எப்போது கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை. இரண்டு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பழைய முறையில் அவருக்கு ஐந்து நிமிட வேலை. அன்று டீ நேரம் முழுவதும் ஆயிற்று. நடுவில் அவரைக் கூப்பிட்டவர்களையெல்லாம் கையை உயர்த்தி நிறுத்தினார். ஒரு பிழை இல்லை.

நான் அதை அந்தப் பெண்ணின் கணினிக்கு அனுப்பிவிட்டு, பக்கத்தில் போய் நின்றேன். முதலில் வாயால் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவர் இயர்போனை மாட்டிக்கொண்டார். முகம் மலர்ந்தது.

"மேடம்! இந்த ஆபீஸ் பேப்பர் ஒண்ணு மொத தடவையா தமிழ்ல பேசுது. யாரு அடிச்சது?"

பிறகு கேட்டுக்கொண்டே வந்தார். எந்த வரியில் அவர் புரிந்துகொண்டார் என்பதை என்னால் சொல்ல முடியும். விரல் விசையின் மேல் நின்றது. மறுபடி முதலிலிருந்து கேட்டார். பிறகு இயர்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, பையின் பக்க அறையில் வைத்தார்.

"அங்க போன் இருக்கா மேடம்?"

"இல்லம்மா."

"இன்டர்நெட்?"

"பேசி ஏற்பாடு பண்றேன்."

"யாராவது வருவாங்களா?"

வருவார்கள் என்று சொன்னால் அவர் நம்பமாட்டார், குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"எனக்கு ரிட்டயர்மென்டுக்கு முப்பது வருஷத்துக்கு மேல இருக்கு மேடம்" என்றார். "நல்ல ஃபேன்தானே போட்டிருக்காங்க?"

அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். வரித்தண்டலர், வாசிப்பறைக்கு அருகில் இருக்கும் தன் மச்சான் கடையிலிருந்து தினமும் டீ வரும், காசு கொடுக்கக் கூடாது என்றார். அலுவலக உதவியாளர் தன் வீட்டில் சும்மா கிடக்கும் மெத்தை வைத்த நாற்காலியைக் கொண்டுவந்து போடுவதாகச் சொன்னார். தட்டச்சர் தள்ளி நின்றார். அந்தப் பெண் எல்லோருக்கும் நன்றி சொன்னார். போன் அடித்தது. பழக்கத்தில் அவர் கை போனது. வரித்தண்டலர் முந்திக்கொண்டு எடுத்து, "விடு பாப்பா, இனிமே உனக்கு எதுக்கு இந்தத் தலவலி" என்றார். பிறகு ரிசீவரில், "என்னது, தண்ணி வரலையா? சரி சரி, பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. கேட்டாரா என்று என் பக்கம் திரும்பிக் கேட்டவர் அந்தப் பெண்தான்.

"அது இனிமே ஒன் வேலை இல்லம்மா" என்றேன். அதைச் சொல்லத் தலைமை எழுத்தர்தான் வேண்டியிருந்தது.

மேல்முறையீடு செய்யலாம், மாவட்ட அலுவலகத்துக்கு எழுதலாம், நான் எழுதித் தருகிறேன் என்று பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது சொன்னேன். அவர் கம்பைத் தட்டிக்கொண்டே கேட்டார். "என்னன்னு எழுதறது மேடம்? எல்லாரும் எங்கிட்ட நல்லா நடந்துக்கறாங்கன்னா?" தென்னூர் போக அவருக்கு மாற்று பஸ் வேண்டும். முதல் பஸ்ஸில் இருவரும் சேர்ந்து ஏறினோம். காந்தி மார்க்கெட்டில் அவர் இறங்கினார். இறங்கும்போது கண்டக்டர், "பாத்தும்மா, பாத்து எறங்கு" என்றார். நான் சத்திரம் வரை போய் ஸ்ரீரங்கம் பஸ் பிடித்தேன். வீட்டில் விளக்கேற்றிவிட்டு இவ்வளவையும் நாட்குறிப்பில் எழுதினேன். கணவர் கேட்டார், நடந்ததைச் சொன்னேன். "ஒரு வகையில நல்லதுதானே, அலைச்சல் இல்ல" என்றார்.

ஜூன் 12, வியாழக்கிழமை. காலையில் அலுவலகத்துக்குப் போகாமல் நேராக வாசிப்பறைக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து சாய்தளத்தின் அடியில் நின்றிருந்தார். பூட்டு திறக்கச் சற்று நேரம் பிடித்தது. மாற்றுப்பணியில் இருப்பவர்கள் பணியிடத்திலேயே வருகையைப் பதிய வேண்டும் என்பது விதி, அதனால் புதிய வருகைப் பதிவேடு ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். தூசியை ஊதிவிட்டு அதை மேசையில் விரித்து, முதல் பக்கத்தில் கோடு போட்டு, வரிசை எண் ஒன்று என்று எழுதி, அவருடைய பெயரையும் பதவியையும் எழுதினேன். விரலைப் பிடித்துக் கட்டத்தைக் காட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.